ஒருவரை மட்டும் அனுப்புகிறோம் என்கிறார்கள்

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு நான் அடுப்படியிலேயே நின்றுவிட்டேன். குழம்பு அடிப்பிடித்து, தீய்ந்த வாசனை முன்னறைக்குப் போய், உன் அப்பாதான் எழுந்து வந்து அடுப்பை அணைத்தார். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. இந்த வீட்டில் நாங்கள் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்பதை நிறுத்திப் பல வருஷமாகிறது. உனக்கு அது அமைதியான வீடாகத் தெரிந்திருக்கும். "எங்க அப்பா அம்மா சண்டையே போட்டதில்ல" என்று நீ உன் சிநேகிதர்களிடம் பெருமையடித்துக்கொண்டதை நானே கேட்டிருக்கிறேன். சண்டை போடுவதற்கும் நாலு வார்த்தை பேச வேண்டும் அல்லவா?

நீ சொன்னதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று எழுதிப் பார்க்கிறேன். நீ வேலை பார்க்கும் மலை ஜில்லாவில், தனி நாடு கேட்டுத் துப்பாக்கி எடுத்தவர்கள் இரண்டு பேரைப் பிடித்து வைத்திருக்கிறார்கள். ஒருவர் ரோடு போட வந்த வெளியூர் இன்ஜினியர். இன்னொருவர் அவருடைய டிரைவர், அந்த மலைப் பாஷை பேசுகிறவர். இரண்டு வாரமாகப் பேச்சு நடக்கிறது. இப்போது அவர்கள், டிரைவர் எங்கள் ஆள்தான், அவரை முதலில் அனுப்புகிறோம் என்கிறார்கள். அதை ஏற்கலாமா, இவர்களோடு மேற்கொண்டு பேசலாமா என்று உன் மேலதிகாரி உன்னைக் குறிப்பு எழுதச் சொல்லியிருக்கிறார். வெள்ளிக்கிழமை கொடுக்க வேண்டும். "ஒருத்தராவது வீட்டுக்கு வரட்டுமேம்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு" என்றாய். நான் "பாத்துச் செய்" என்றேன். சொல்ல வழி தெரியாதவர்கள் சொல்கிற வார்த்தை அது.

யோசிக்க இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுவதற்காக என்னைத் திட்டாதே. நீ தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பாய் என்று தெரியும். லீவு நாட்களில் உன்னை உட்கார வைத்து நான் அடித்துச் சொல்லிக் கொடுத்தது அவ்வளவுதான் ஒட்டியது. நீ பள்ளியில் படித்த கன்னடத்தில் எழுதினால் நீ ஆபீஸ் பைலைப் புரட்டுகிற மாதிரி ஒரே ஓட்டமாக ஓடிவிடுவாய். இதை மெதுவாகப் படி. பக்கம் பக்கமாகப் படம் எடுத்துப் போனில் அனுப்புகிறேன். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. டிரைவரை விடப்போகிறார்கள் என்று உங்கள் ஊர்ப் பேப்பரிலேயே வந்துவிட்டதாக நீதான் சொன்னாய். என் பங்கு ரகசியத்தை நான் இத்தனை நாள் வைத்திருந்தது போதும். யாருக்கு வேண்டுமானாலும் காட்டு.

நீ குழந்தையாக இருந்தபோது அப்பாவைக் காட்டில் பதினோரு நாள் பிடித்து வைத்திருந்து விட்டுவிட்டார்கள் என்பது உனக்குத் தெரியும். அதற்கு மேல் நாங்கள் சொன்னதில்லை. உன் இன்டர்வியூவில் இதே கேள்வியைக் கேட்டார்கள், நினைவிருக்கிறதா? ஆயுதம் ஏந்தியவர்களோடு அரசாங்கம் பேசலாமா என்று. நீ வீட்டுக்கு வந்து, பேசலாம் என்பதற்கு மூன்று காரணம், கூடாது என்பதற்கு மூன்று காரணம் சொன்னேன், போர்டில் எல்லோரும் தலையாட்டினார்கள் என்று கையை ஆட்டி ஆட்டி நடித்துக் காட்டினாய். பாதியில் அப்பா மோட்டாரை அணைத்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து மாடிக்குப் போனார். அன்றைக்குக் குழாயில் தண்ணீரே வரவில்லை. மோட்டார் ஓடவில்லை. உனக்கு அது தெரியாது. நான் உனக்கு இன்னொரு தோசை போட்டேன்.

அப்போது நாங்கள் கொள்ளேகாலத்தில் குடியிருந்தோம். அப்பா சர்வே ஆபீஸில் ஜீப் டிரைவர். அவரோடு தினமும் காட்டுப் பக்கம் போகிற சர்வேயர் நாகராஜு. நஞ்சன்கூட்டுக்காரர், கன்னடம் மட்டும்தான் தெரியும், ஆனால் அப்பாவின் டிபன் பாக்ஸைத் திறந்து எங்கள் வீட்டுக் கொள்ளுப் பருப்பைத் தின்று தீர்த்துவிட்டு, தன் டிபனை அப்பாவிடம் தள்ளிவிடுவார். உப்புக் குறைந்தால் சாயங்காலம் வாசலில் நின்று எனக்குப் புகார் சொல்லுவார். அவர் மனைவி பத்மா. ஆம், உன் பத்மா ஆன்ட்டிதான். உனக்குக் கன்னட இலக்கணம் சொல்லிக் கொடுத்தவள், நீ டிரெயினிங்குக்குக் கிளம்பியபோது ஸ்டேஷனுக்கு வந்தவள், நீ காலைத் தொட்டுக் கும்பிட்டவள். அவள் புருஷன் காட்டில் செத்துப் போனார் என்று மட்டும் உனக்குச் சொல்லியிருக்கிறோம். எந்தக் காட்டில், யாரோடு இருந்தபோது என்று நீ கேட்டதில்லை. நாங்களும் நீ கேட்காதபடி பார்த்துக்கொண்டோம்.

கோபிநத்தத்துக்கு அந்தப் பக்கம் அளவுக்கல் நடப்போன இடத்தில் இரண்டு பேரையும் பிடித்தார்கள். தமிழர்களுக்குத் தனி நாடு வேண்டும் என்று காட்டுக்குள் போனவர்கள் அவர்கள். ஜெயிலில் இருக்கிற தங்கள் ஆட்களை விட்டால் இவர்களை விடுவோம் என்றார்கள். அரசாங்கம் முதல் நாள் பேச மாட்டோம் என்றது, மூன்றாம் நாள் பேசுகிறோம் என்றது. இரண்டு பக்கமும் ஒப்புக்கொண்ட ஒரு தமிழ் வாத்தியார் தூது போனார். பேச்செல்லாம் கேசட்டில். அவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள், இவர்கள் பேசிப் பதிந்து அனுப்புவார்கள். ஆறாவது நாள், குடும்பத்துப் பெண்களும் பேசினால் அவர்கள் மனம் இளகும் என்று எங்கள் இருவரையும் ஓர் ஆபீஸுக்கு வரச் சொன்னார்கள். நான் உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். உனக்கு அப்போது பத்து மாதம், பல் முளைக்கிற காய்ச்சல் வேறு.

அங்கே இருந்த அம்மா ஒருவர், பெரிய அதிகாரி, எங்களை உட்கார வைத்துக் காபி கொடுத்து நிதானமாக விளக்கினார். இருவரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்ல வேண்டும், இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்புங்கள் என்று. ஜாதி, பாஷை, சொந்த ஊர் எதையும் பேசக் கூடாது. ஒருவரைப் பிரித்துக் கொடுத்துவிட்டால் மிஞ்சியவரை வைத்து அவர்கள் ஆடுவார்கள், வெளியே ஜனமும் இரண்டாகப் பிரிந்து ஆடும், அப்புறம் எங்களால் பேசவே முடியாது என்றார். எனக்கு நன்றாகப் புரிந்தது. புரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை. நானும் பத்மாவும் நாலு வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பழகினோம்.

முதலில் பத்மா போனாள். கதவு திறந்தே இருந்தது. "மாதப்பண்ணனன்னூ நம்ம யஜமானரன்னூ, இப்பரன்னூ ஒட்டிகே களிசி கொடி அண்ணா" என்றாள். இரண்டு பேரையும் ஒன்றாக அனுப்பித் தாருங்கள் என்று. உன் அப்பா பெயரை முதலில் சொல்லி, தன் புருஷனை இரண்டாவதாகத்தான் சொன்னாள். அழுதாள், ஆனால் பழகிய வரியை ஓர் எழுத்து மாற்றவில்லை. வெளியே வந்து உன்னை என்னிடமிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். அப்புறம் நான் உள்ளே போனேன்.

மேஜை மேல் டேப்ரிக்கார்டர். அதை இயக்குகிற ஆளுக்குத் தமிழ் தெரியாது. அந்த அதிகாரியம்மாவுக்கும் தெரியாது, வெளியே நின்ற பத்மாவுக்கும் தெரியாது. மூலையில் தூதுவர் மட்டும் உட்கார்ந்திருந்தார். பித்தானை அமுக்கியதும் சிவப்பு விளக்கு எரிந்தது. முதல் வரி சரியாகத்தான் சொன்னேன். அப்புறம் வெளியே நீ சிணுங்குகிற சத்தம் கேட்டது. என் வாய் தானாகப் போனது என்று எழுதினால் அது பொய். நான் நினைத்துத்தான் சொன்னேன். "அண்ணா, எனக்குக் கூடப் பொறந்தவிய ஆருமில்லீங்க. எம்பையனுக்குக் காது குத்த மாமன் மடி இல்லீங்க. நீங்கதான் மாமனா நிக்கோணும். அவனோட அப்பனை அனுப்பி வெய்ங்க. அவரு தமிழருதானுங்க. நம்மாளுங்க" என்றேன்.

உனக்கு இது விளங்க வேண்டும். நம் பக்கத்தில் குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது. கூடப் பிறந்தவன் இல்லாதவள், தன் ஊர்ப் பக்கத்து ஆம்பிளை ஒருவனை அண்ணா என்று கூப்பிட்டு, மடி கொடுங்கள் என்று கேட்டால் அவன் மறுக்க மாட்டான். மறுத்தால் அவன் வீட்டுக் குழந்தைகளுக்கு ஆகாது என்று பயம். அந்தக் கூட்டத்தின் தலைவன் மேட்டூர்ப் பக்கத்து ஆள், என் பிறந்த ஊருக்கு அடுத்த ஊர். அவனால் மறுக்க முடியாது என்று தெரிந்து கேட்டேன். அரசாங்கம் மூன்று நாளாகப் பேசிக்கொண்டிருந்தது, நான் ஒரு நிமிஷத்தில் பேசி முடித்துவிட்டேன். தூதுவர் என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தார். தடுக்கவில்லை. ஓர் ஆளையாவது மீட்டுக்கொண்டு வந்தால் போதும் என்று அவரும் நினைத்திருக்கலாம். கேசட்டை உறையில் போட்டு ஒட்டினார்.

வெளியே வந்தேன். பத்மா உன்னைத் தட்டித் தூங்க வைத்திருந்தாள். "ஹேளித்ரா அக்கா?" என்றாள். சொன்னீர்களா என்று. "ஹேளிதே" என்றேன். அவளிடம் நான் சொன்ன முதல் பொய் அது என்று எழுதலாம். ஆனால் சொல்லத்தானே செய்தேன்.

பதினோராம் நாள் அப்பாவை மட்டும் அனுப்பினார்கள். அவர் செக்போஸ்ட் வரைக்கும் நடந்து வந்தார். ஒரு கையில் தேங்காய், தோளில் மடிப்புக் கலையாத புதுத் துண்டு. அந்தத் துண்டு முனையில் முடிந்து ஒரு ஜோடிக் கடுக்கன். உனக்கு மாமன் சீர். அதை வழியிலேயே ஓடையில் எறிந்துவிட்டு வந்திருக்கலாம். மாமன் சீரை எறிந்தால் பிள்ளைக்கு ஆகாது என்று இந்த மனுஷன் மூன்று மைல் சுமந்துகொண்டு வந்தார். செக்போஸ்டில் பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். மறுநாள் எல்லாப் பேப்பரிலும் அந்தப் படம்தான். கடத்தப்பட்டவன் சீர்வரிசையோடு வருகிறான், தமிழனை விட்டுவிட்டு நம்மவனை வைத்துக்கொண்டார்கள், டிரைவர்தான் காட்டிக்கொடுத்தவன் என்று பேச்சுக் கிளம்பியது. கடைகளை மூடினார்கள். எங்கள் வீட்டு ஓட்டின் மேல் கல் விழுந்தது. இந்த நிலையில் ஜெயிலில் இருந்து ஒருவனை விட்டாலும் அரசாங்கம் நிற்காது என்று ஆகிவிட்டது. பேச்சை நிறுத்திவிட்டு ஆயுதப் போலீஸை உள்ளே அனுப்பினார்கள். எட்டு நாள் கழித்து நாகராஜுவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். எந்தப் பக்கத்துக் குண்டு என்று கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

இதற்கும் மேல் ஒன்று உண்டு. பிடித்த அன்றைக்கே அவர்கள், தமிழனாக இருந்தால் எழுந்து போ என்று சொல்லியிருக்கிறார்கள். அப்பா பெயர் இரண்டு பக்கமும் செல்லுகிற பெயர். மாதேஸ்வரன் மலைச் சாமி பெயரை அங்கே கன்னடக்காரர்களும் வைக்கிறார்கள், தமிழர்களும் வைக்கிறார்கள். அப்பா கன்னடத்தில் பதில் சொல்லி, நாகராஜு பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். ஆறு நாள் அப்படி உட்கார்ந்திருந்தவரைத்தான் நான் நம்மாளுங்க என்று காட்டிக் கொடுத்தேன். இதை அவர் என்னிடம் ஒரே ஒரு தடவை, மைசூருக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்த லாரியில், ரோட்டைப் பார்த்துக்கொண்டு சொன்னார். கேசட்டை அவருக்கும் போட்டுக் காட்டினார்களா என்று நான் கேட்கவில்லை. காட்டியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. இந்த ஊர் ஹெப்பாள் பாக்டரியில் கேட்டில் நிற்கிற வேலை, ரிடையர் ஆகிறவரைக்கும் அதுதான். வீடு பார்க்கப் போன இடத்தில் எந்த ஊர், என்ன பாஷை என்று கேட்டபோது அவர் வாய் திறப்பதற்குள் நான் கன்னடத்தில் பதில் சொன்னேன். உன் காதைக் கோயிலில் பூசாரி மடியில் வைத்துக் குத்தினேன், அந்தக் கடுக்கனை உண்டியலில் போட்டேன், தப்பித்துவிட்டதாக நினைத்தேன். ஒரு வருஷம் கழித்து பத்மா வீடு தேடி வந்தாள். கருணை அடிப்படையில் மைசூரில் வேலை கிடைத்து, நஞ்சன்கூட்டிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகிறாள் என்றாள். கையில் உனக்கு ஒரு பொம்மை. ஊர் முழுக்க உன் அப்பாவைத் துரோகி என்ற நாட்களில், அப்படி இல்லை, அக்கா இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் கேட்டாள், என் எதிரில்தான் உள்ளே போனாள் என்று சண்டை போட்டவள் அவள். அதையும் அவளே சொன்னாள். நான் காபி கலக்க உள்ளே போய், ரொம்ப நேரம் வரவில்லை.

அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை, அப்புறம் ஒவ்வொரு யுகாதிக்கும் அவள் வேப்பம்பூவும் வெல்லமும் கொண்டு வரும்போது இன்னும் ஒரு வருஷம் கனம் கூடிப் போனது. அவளை வரவேண்டாம் என்று சொல்லவும் முடியாது, வருகிறவளை முகத்துக்கு நேராகப் பார்க்கவும் முடியாது. நீ அவளிடம் ஒட்டிக்கொண்டபோது எனக்குப் பொறாமையா, பயமா என்று இன்றைக்கும் தெரியவில்லை. ஒருமுறை டிவியில் இதே விவாதம் ஓடியது, துப்பாக்கிக்காரனோடு பேசுவது நாட்டுக்குக் கேவலம் என்று ஒருவர் கத்திக்கொண்டிருந்தார். பத்மா சத்தத்தைக் குறைத்துவிட்டு, "மாத்தாடித்ரிந்த தானே அண்ணா பந்த்ரு" என்றாள். பேசியதால்தானே அண்ணன் வந்தார் என்று. அப்பா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இப்போது நீ குறிப்பு எழுத வேண்டும். உனக்கு நான் என்ன சொல்லுவது என்று மூன்று நாளாக இந்தக் காகிதத்தின் எதிரில் உட்கார்ந்திருக்கிறேன். பேசவே கூடாது என்கிறவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டில் ஒரு தட்டும் குறையவில்லை. பேசினால் நாளைக்கு இன்னும் நாலு பேரைப் பிடிப்பான் என்று அவர்கள் சொல்வது பொய்யும் இல்லை, பிடித்தார்களே, அடுத்த வருஷமே வேறு இடத்தில் பிடித்தார்கள். பேசத்தான் வேண்டும் என்கிறவர்களையும் எனக்குத் தெரியும். நானே அந்தக் கட்சிதான். தன் ஆள் வந்து சேருகிறவரைக்கும் பேச வேண்டும் என்கிற கட்சி. அந்த டிரைவரை ஏற்காதே, இரண்டு பேரும் ஒன்றாக வந்தால்தான் வாங்குவோம் என்று எழுது என்று உனக்குச் சொல்லலாம் என்று பேனாவை எடுப்பேன். அப்படி எழுதினால், உன் அப்பா அன்றைக்கு வந்திருக்கக் கூடாது என்று நான் எழுதுகிற மாதிரி. முன்னறையில் அவர் இருமுகிற சத்தம் கேட்கும். சரி, ஒருவரையாவது வாங்கிக்கொள் என்று எழுதப் போனால் நாகராஜு வாசலில் நின்று உப்புக் குறைவு என்கிறார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான் முட்டுகிறது, கண்ணு. உன் வாசலில் அந்த டிரைவரின் பெண்சாதி வந்து நிற்பாள், எங்கள் ஆளை முதலில் விடச் சொல்லுங்கள் என்று கெஞ்சுவாள். அவளைத் திருப்பி அனுப்பு என்று எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இதுவரைக்கும் எழுதி இன்றைக்குக் காலை முடித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். அப்பாவுக்குத் தெரியாமல் உனக்கு அனுப்பினால் அது இன்னொரு கேசட் ஆகிவிடும் என்று பட்டது. அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்தில் கன்னடம்தானே. காபி கொடுத்துவிட்டு, "ஏனுங்க, உக்காருங்க, ஒண்ணு படிக்கோணும்" என்றேன். முழுக்கப் படித்தேன். நடுவில் ஓர் இடத்தில் நான் நிறுத்தியபோது அவர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முடித்துக் காகிதத்தைக் கீழே வைத்தேன். எழுந்து போய்விடுவார் என்று பார்த்தேன். போகவில்லை.

"கேசட்டுப் பெட்டியப் போட்டுக் காட்டுனானுங்க" என்றார். "நாகராஜுக்கு வெளங்குல. என்ன சொல்றா உன்ற பெண்டாட்டின்னான். நான் சொன்னேன். என்னையத் தமிழன்னு சொல்லி விடச் சொல்றாடான்னு. அவன் கோவிச்சுக்குவான்னு பாத்தேன். சிரிச்சான். அதுதான் சரி, நீ போயிடுடான்னான்."

காபி டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு மேலே சொன்னார்.

"கெளம்பறப்ப என்ற கையப் புடிச்சுக்கிட்டு ஒண்ணு சொன்னான். ஹொரகடே ஹோகி ஹேளு, மாத்து நில்லிஸ்பேடி அந்த ஹேளுன்னான். வெளிய போயிச் சொல்லு, பேச்ச நிறுத்த வேண்டாம்னு சொல்லுன்னு. ஆளாளுக்குச் சொல்லு, பெரிய ஆபீசருக்குச் சொல்லுன்னான். நான் வந்தேன். தேங்காயப் பாத்தானுங்க. போலீஸ்காரனுங்க நாலு நாள் உக்கார வெச்சுக் கேட்டானுங்க. அவனுங்க எத்தன பேரு, எத்தன துப்பாக்கி, உன்னைய மட்டும் எதுக்கு உட்டானுங்க, இதேதான். நாகராஜு என்ன சொன்னான்னு ஒருத்தனும் கேக்கல. நானா சொன்னா, பாரு, அவனுங்க சொல்லியனுப்புனதச் சொல்றான்னு சொல்லுவானுங்க. பயந்துட்டேன். நாளைக்குச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள உள்ள போயிட்டானுங்க."

அப்புறம் காகிதத்தைக் காட்டி, "நீ கேட்டதால அவன் சாகல. நான் சொல்லாததால செத்தான்" என்றார். அதை அவர் எனக்கு ஆறுதலாகச் சொன்னாரா, இத்தனை வருஷம் தன் மேல் வைத்திருந்ததை இறக்கி வைத்தாரா என்று எனக்குப் புரியவில்லை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஒரு வீட்டில், ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் படுத்துக்கொண்டு, ஒரே மனுஷனை நான்தான் கொன்றேன், நான்தான் கொன்றேன் என்று இரண்டு பேரும் இருந்திருக்கிறோம். கத்தினேன். அவரும் கத்தினார். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். உன் சிநேகிதர்களிடம் இனி நீ அந்தப் பெருமையைச் சொல்ல முடியாது.

நாளைக் காலை ரயிலில் இரண்டு பேரும் நஞ்சன்கூடு போகிறோம். பத்மாவிடம் நான் என்ன சொன்னேன் என்பதை நான் சொல்லுகிறேன். அவள் புருஷன் என்ன சொல்லியனுப்பினார் என்பதை அவர் சொல்லுவார். அவள் அதற்கப்புறம் நம் வீட்டுப் படியேறுவாளா என்று தெரியாது. உன்னோடு பேசுவாளா என்றும் தெரியாது. உனக்கு அதனால் ஒரு சொந்தம் போகும் என்றால் என்னைத் திட்டிக்கொள். சுவர் இடிந்துவிட்டதாக நான் நினைக்கவில்லை. இத்தனை நாள் ஆளுக்கொரு மூலையில் இருந்தோம், இப்போது ஒரே மூலையில் இருக்கிறோம்.

உன் குறிப்பில் என்ன எழுதுவது என்று நான் சொல்லப் போவதில்லை, அது உன் வேலை. ஆனால் நீங்கள் அந்த டிரைவரை வாங்கிக்கொள்வதாக முடிவு செய்தால், அவர் நடந்து வருகிற அன்றைக்கு நீ அங்கே நில். கையில் என்ன கொண்டுவருகிறார் என்று பார்க்காதே, படம் எடுக்க விடாதே. உட்கார வைத்துத் தண்ணீர் கொடு. எத்தனை துப்பாக்கி என்று கேட்பதற்கு முன்னால், நீங்கள் கிளம்பும்போது அந்த இன்ஜினியர் என்ன சொன்னார் என்று கேள். அவர் சொல்லப் பயந்தால் மறுபடியும் கேள். அன்றைக்கு உன் அப்பாவை அதை யாரும் கேட்கவில்லை. அரசாங்கமும் கேட்கவில்லை, பக்கத்தில் படுத்திருந்த நானும் கேட்கவில்லை.

அம்மா